ஆனை குரூப்பும் ரெண்டாம் பாகமும்

யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்று சொன்னவர் கோயில் யானையை மட்டும் பார்த்தவராக இருக்க வேண்டும். சாந்தன்பாறைக்கு மேலே எங்கள் ஏலத்தோட்டத்துப் பக்கம் ஒரு நாள் வந்து நின்றிருந்தால் வாயைத் திறந்திருக்க மாட்டார். இங்கே மணியும் கிடையாது, ஓசையும் கிடையாது. மூடுபனிக்குள் ஒரு பாறை தெரியும். நேற்று அந்த இடத்தில் பாறை இல்லையே என்று நாம் யோசித்து முடிப்பதற்குள் அது காதை ஆட்டும்.

எங்களுக்கு மணியோசை என்றால் வாட்ஸ்அப்தான். தோட்டத்தில் ‘ஆனை குரூப்’ என்று ஒன்று வைத்திருந்தோம். லயத்து வரிசை வீடுகளில் போன் இருக்கிற அத்தனை பேரும் அதில் உண்டு. யார் கண்ணில் பட்டாலும் உடனே போனை வாய்க்கு நேராகப் பிடித்து, “பெரியவர் பங்களா வளைவுல நிக்காரு, அந்தப் பக்கம் யாரும் வராதீங்க” என்று பேசிப் போட்டுவிடுவார்கள். ஆனை என்று வாய்விட்டுச் சொல்ல எங்களுக்குக் கூச்சம்; எப்போதும் பெரியவர்தான். குரூப்புக்கு அந்தப் பேரை வைத்தவன் என் மகன். அவன் வயதுக்காரர்களுக்கு அந்தக் கூச்சமெல்லாம் ஏது? ஃபாரஸ்ட்காரர்கள் அனுப்புகிற எச்சரிக்கை மலையாள எழுத்தில் வரும். என் வயதுக்காரர்களுக்குத் தமிழ்தான் படிக்கத் தெரியும். பிள்ளைகள் மலையாளமும் இங்கிலீஷும் படிப்பார்கள். என் அக்கா எதையும் படிக்க மாட்டாள். குரல் என்றால் எல்லாருக்கும் பொது.

அக்கா என்னைவிட எட்டு வயது மூத்தவள். ஸ்டோரில் வேலை. பறித்து வந்த பச்சை ஏலக்காயைத் தட்டுகளில் பரப்பி விறகு அடுப்புச் சூட்டில் உலர்த்துகிற கட்டடத்தைத்தான் நாங்கள் ஸ்டோர் என்போம். இரவெல்லாம் அடுப்புக்கு விறகு போட ஓர் ஆள் இருப்பார். விடியும்போது அக்கா போய்த் தட்டுகளை இறக்க வேண்டும். கொஞ்சம் தாமதித்தாலும் காயின் நிறம் போய்விடும், சூப்பர்வைசர் குதிப்பார். அவள் வீடு கீழ் லயத்தில், என் வீடு மேல் லயத்தில். அவள் வீட்டிலிருந்து ஸ்டோருக்குப் போகிற பாதை ஓடைப் பாலத்தைத் தாண்டித்தான் போகும். இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு ஏலச்செடி. கை நீட்டும் தூரத்தில் என்ன நிற்கிறது என்று தெரியாது.

அவளிடம் இருந்தது பட்டன் போன். நல்ல போன் ஒன்று வாங்கிக் கொடுக்கிறேன் என்று என் மகன் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தான். “இதுக்கு என்னடா கொறைச்சல்? அடிச்சா எடுக்குது, எடுத்தா பேசுது. அதுக்கு மேல என்ன, காப்பி போட்டுக் குடுக்கணுமா?” என்பாள். அதனால் எங்கள் இரண்டு பேருக்கும் ஓர் ஏற்பாடு. நான் காலையில் எழுந்து, சிலுவை போட்டுக்கொண்டு, முதல் வேலையாக குரூப்பைத் திறப்பேன். பெரியவர் அவள் பாதைப் பக்கம் நின்றால் அவளுக்கு ஒரு மிஸ்டு கால் அடிப்பேன். அடித்தால் அவள் வெளியே வர மாட்டாள். அடிக்காவிட்டால் வழி சுத்தம். ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு, போனைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் வாசலில் நிற்பாள். போன் சும்மா இருந்தால் நடப்பாள். வருடக் கணக்கில் இப்படித்தான். தோட்டத்தில் எல்லாருக்கும் இது தெரியும். பாதையில் ஏதாவது நின்றால், “ஸ்டோர்க்காவுக்குச் சொல்லிருங்க” என்று ஒரு வார்த்தை சேர்த்தே பேசிப் போடுவார்கள். அது எனக்குச் சொல்வதுதான்.

இந்த ஒழுங்குக்கு நடுவில் வந்து விழுந்தது அந்தப் படம்.

முதல் பாகம் வந்து ஆறேழு வருடம் இருக்கும். போர்வெல் லாரியில் வேலை பார்க்கிறவன் கதை. ஓரிடத்தில் துளை போடும்போது மண்ணுக்கடியில் ஒரு கதவு. கதவுக்கு அந்தப் பக்கம் வேறொரு உலகம், வேறொரு சூரியன். கடைசியில் பெண்டாட்டியையும் பிள்ளையையும் இந்தப் பக்கம் தள்ளிவிட்டு அவன் அந்தப் பக்கம் மாட்டிக்கொள்வான். கதவு மூடும். ‘தொடரும்’ என்று போட்டுவிட்டார்கள். தியேட்டரில் அக்கா எழுந்து நின்று, “அடப்பாவிகளா, கதவைத் தொறங்கடா!” என்று கத்தினாள். மொத்தத் தியேட்டரும் சிரித்தது. அடுத்த காட்சிக்கு வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் வெளியே கேட்டதாம். அக்காவின் வீட்டுக்காரர் திருப்பூருக்கு வேலைக்குப் போகிறேன் என்று போனவர் திரும்பவேயில்லை. அவளே அதைச் சொல்லிச் சிரிப்பாள். “எங்க ஆளுக்குக் கதவு தொறந்துதான் கெடந்துச்சு. வரத்தான் மனசில்ல. இவன் பாவம், வர வழி தேடுதான்” என்பாள்.

அவளுக்குப் பிள்ளை கிடையாது. நான் காய் எடுக்கப் போகும் நாளெல்லாம் என் மகனை இடுப்பில் வைத்து வளர்த்தவள் அவள்தான். அந்தப் படத்தை அவன் அவள் பக்கத்தில் உட்கார்ந்துதான் பார்த்தான். ரெண்டாம் பாகம் எப்போது வரும் என்று பெரியம்மாவும் மகனும் பேசாத ஞாயிற்றுக்கிழமை இல்லை. கிராஃபிக்ஸ் முடியவில்லை, ஹீரோவுக்கு உடம்பு சரியில்லை, தேதி தள்ளிப் போகிறது என்று ஒவ்வொரு வருடமும் ஒரு காரணம் வந்தது. மாதா கோயிலில் பூசை முடிந்து வெளியே வந்ததும் அவள் கேட்கிற முதல் கேள்வி, “என்னடா, தேதி சொல்லிட்டானுங்களா?” என்பதுதான். எனக்கு எரிச்சலாக வரும். நற்கருணை வாங்கின நாக்குக்கு வேறு பேச்சே கிடைக்காதா என்று திட்டுவேன். இரண்டு பேரும் சேர்ந்து என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

கடைசியில் தேதி சொல்லியே விட்டார்கள். அன்றிலிருந்து தோட்டம் தோட்டமாக இல்லை. ஜீப் கண்ணாடியெல்லாம் ஹீரோ முகம். ஜங்ஷனில் ஆளுயரத்தைப் போல் இரண்டு மடங்குக்கு ஒரு ஃப்ளெக்ஸ். சாயங்காலம் ஆனால் விளையாட்டு மைதானத்தில் செண்டை மேளம் அடித்துப் பழகினார்கள், தியேட்டர் வாசலில் கொட்டுவதற்காக. டிரெய்லரில், கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஏதோ வருகிறது என்று காட்டுவார்கள். அது என்ன என்று காட்ட மாட்டார்கள். அடிவயிற்றிலிருந்து கிளம்புகிற மாதிரி ஓர் உறுமல் மட்டும் கேட்கும். பயல்கள் அதையே ரிங்டோனாக வைத்தார்கள். ஓடையோரத்துப் பம்ப் ஹவுஸில் இருக்கிற அண்ணாச்சிக்கு அந்தச் சத்தம் பிடிக்கவில்லை. அவரும் அந்த நடிகருக்கு வாலிபத்திலிருந்தே ரசிகர்தான். மார்பில் பச்சை குத்தியிருக்கிறார். ஆனாலும் ஒரு நாள் தண்ணீர்க் குழாயடியில் என்னிடம் சொன்னார்.

“தங்கச்சி, பெரியவர் கிட்டத்துல நின்னா இதே மாதிரிதான் நெஞ்சுக்குள்ள கேக்கும். காதுல கேக்காது. ராத்திரி எவன் போனாவது அடிச்சா எனக்கு மூத்திரம் வந்துருது.”

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. செண்டைச் சத்தம் தொடங்கிய நாளிலிருந்து பெரியவர் மைதானத்துப் பக்கத்துப் பழைய தடத்தை விட்டுவிட்டு ஓடைப் பக்கமாக நடக்கிறார் என்று சொன்னார். ஈரமண்ணில் தடம் பார்த்தாராம். ஓடைப் பக்கம் என்றால் அக்காவின் பாதை.

இதற்குள் ஆனை குரூப் நாறிப்போயிருந்தது. இன்னும் இத்தனை நாள் என்று தினமும் ஒரு படம். ஹீரோவுக்குப் பின்னால் இடி மின்னல். ‘தலைவன் வர்றான்’ என்று ஒருவன் போட்டால் அதற்குக் கீழே இருபது பேர் நெருப்புப் படம் போடுவார்கள். போடிப் பக்கத்துச் சொந்தக்காரப் பயல்களை வேறு உள்ளே சேர்த்துவிட்டார்கள். கீழே தமிழ்நாட்டில் விடிகாலையில் படம் போட மாட்டார்கள். இங்கே கேரளத்தில் விடியும்போதே ரசிகர் காட்சி உண்டு. அதனால் போடிமெட்டு ஏறி இங்கே வந்து நம்மோடு பார்ப்பதாக ஏற்பாடு. வழக்கமாக விடிகாலையில் அந்த மலைப்பாதையில் ஜீப் ஜீப்பாகக் கூலி வேலைக்குப் பெண்கள் ஏறி வருவார்கள். இந்தத் தடவை சினிமாவுக்கு ஆம்பளைகள் ஏறி வருகிறார்கள் என்று என் வீட்டுக்காரர் சிரித்தார். அவர் ஜீப் ஓட்டுகிறவர். அவருக்கும் அன்றைக்கு நல்ல ஓட்டம் இருந்தது, அதுதான் சிரிப்பு.

ஒரு நாள் காலையில் குரூப்பைத் திறந்தால் குப்பை மேடு. ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போகிறேன், தலைவன், தலைவன், தலைவன். நடுவில் ஒரு குரல் கிடந்தது. அழுத்தினால் அண்ணாச்சி: “பெரியவர் பாலத்தடியில தண்ணி குடிக்காரு, ஸ்டோர்க்காவுக்குச் சொல்லிருங்க.” போட்டு எவ்வளவோ நேரம் ஆகியிருந்தது. உடனே அக்காவுக்கு அடித்தேன். மிஸ்டு கால் இல்லை, எடுக்கும்வரை அடித்தேன்.

“கதவைத் தொறந்துட்டேன்டி, இந்தா மூடிட்டேன்” என்றாள். குரலில் சிரிப்பு. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்றைக்கு மகனைப் பிடித்து நான் போட்ட சத்தத்தில் பக்கத்து லயத்துக் கோழியெல்லாம் ஓடியிருக்கும். “உங்க பொழப்பத்த படத்துக்கு எங்கக்கா உசுரா கெடச்சுது? இனிமே அந்தக் குரூப்புல ஒருத்தன் ஹீரோ மூஞ்சியைப் போட்டான்னா உன் போனை அடுப்புல போட்டுருவேன்லே!” என்றேன். அவன் நல்ல பையன்தான். எதிர்த்துப் பேசவில்லை. “சரிம்மா, விடு. படத்துக்குத் தனியா ஒண்ணு ஆரம்பிச்சுட்டா தீந்துச்சு” என்றான். சாயங்காலத்துக்குள் ஆரம்பித்தும் விட்டான். எல்லாரும் அதற்கு மாறினார்கள். என்னையும் சேர்க்கவா என்று கேட்டான். எனக்கெதற்கு அந்தக் கருமம் என்று சொல்லிவிட்டேன். பின்னால் இதை வைத்து, நீதானே தனி குரூப் கேட்டாய் என்று ஒருத்தி என் முகத்துக்கு நேரே சொன்னாள். ஆமாம், கேட்டேன். இன்னொரு தடவை வந்தாலும் கேட்பேன். அதில் என்ன தப்பு?

அதற்குப் பிறகு ஆனை குரூப் சுத்தமாக இருந்தது. காலையில் திறந்தால் ஒன்றுமே இருக்காது. முதல் நாள் நிம்மதியாக இருந்தது. இரண்டாம் நாளும் ஒன்றும் இல்லை. மூன்றாம் நாள் என் மனசுக்கு ஏதோ போல இருந்தது. மழை விட்டபாடில்லை, ஓடையில் தண்ணீர் செம்மண் நிறத்தில் போகிறது, கோயிலுக்குப் பின்னால் நின்ற வாழை ஒன்று குருத்தோடு பிடுங்கிக் கிடக்கிறது. குரூப்பில் மட்டும் பெரியவர் ஊரிலேயே இல்லை. அழுகிற பிள்ளை திடீரென்று அமைதியானால் தாய்க்குப் பகீரென்று இருக்குமே, அப்படி இருந்தது.

படம் வருவதற்கு இரண்டு நாள் முன்னால் ஜங்ஷன் ஃப்ளெக்ஸ் விழுந்தது. காற்றுக்கு விழவில்லை. பெரியவர் மூங்கில் கால்களை அடியோடு பிடுங்கி, துணியை மிதித்து, ஹீரோவின் நெற்றி மேலேயே லத்தி போட்டுவிட்டுப் போயிருந்தார். பயல்களுக்கு அதில் ஒரே கொண்டாட்டம். “பெரியவர் முதல் ஷோ பாத்துட்டாரு, படம் பிடிக்கலையாம்” என்று சிரித்தார்கள். போட்டோ எடுத்துப் போட்டார்கள். நான் அதைக் குழாயடியில் இன்னொருத்தி போனில்தான் பார்த்தேன். ஆனை குரூப்புக்கு அது வரவே இல்லை.

மகனைக் கேட்டேன். “ஏலே, அவரு ஜங்ஷன் வரைக்கும் வந்துட்டுப் போயிருக்காரு. அதை அங்க போடாம சினிமா குரூப்புல போட்டா எனக்கு எப்படித் தெரியும்?”

“அம்மா, அது ஃப்ளெக்ஸ் போட்டோம்மா. ஆனை நின்னா ஆனை குரூப்புலதான் போடுவோம். எங்களுக்குத் தெரியாதா?”

சொன்ன விதத்தில் எனக்கும் சரி என்றே பட்டது. படித்த பிள்ளை, எதை எங்கே போடுவது என்று என்னைவிட அவனுக்குத் தெரியும் என்று விட்டுவிட்டேன்.

அக்காவும் நானும் கோயில் பெண்களோடு மத்தியானக் காட்சிக்கு டிக்கெட் போட்டிருந்தோம். முதல் நாளே பார்த்தாக வேண்டும் என்று அவள் ஒரே பிடி. முந்தின நாள் சாயங்காலம் அவள் வீட்டில் ஜெபமாலை சொன்னோம். அவள் சொன்ன வேகத்தைப் பார்த்து, “மாதாவுக்கே மூச்சு வாங்கும் போலருக்கே, மெதுவாச் சொல்லேன்” என்றேன். “மாதாவும் மகனைத் தொலைச்சுட்டுத் தேடுனவதான், அவளுக்குப் புரியும்” என்றாள். விடிகாலைக் காட்சிக்குப் போகிறவர்களைக் கூப்பிட்டு, தான் பார்க்கும்வரை ஒருத்தனும் கதையைச் சொல்லக் கூடாது, சொன்னால் நாக்கை அறுத்துவிடுவேன் என்று மிரட்டினாள். என் மகன் அவள் தலையில் கை வைத்துச் சத்தியம் பண்ணினான்.

கிளம்பும்போது என்னிடம் சொன்னாள்: “நாளைக்குக் கொஞ்சம் முன்னாலயே ஸ்டோருக்குப் போயிருவேன்டி. தட்டெல்லாம் சீக்கிரமா எறக்கிட்டா மத்தியானம் நிம்மதியாக் கௌம்பலாம். நீயும் நேரத்தோட எந்திரிச்சுக் குரூப்பைப் பாரு.”

அதற்கென்ன, எழுந்தேன். ஜீப்புகள் கிளம்புகிற சத்தத்திலேயே எழுந்துவிட்டேன். எங்கள் தோட்டத்தில் இருந்த அத்தனை ஜீப்பும் ஒன்றன் பின் ஒன்றாக இறங்கிப் போனது. ஹாரனும் விசிலும் வளைவுகளில் கேட்டுக் கேட்டுத் தேய்ந்தன. அதற்குப் பிறகு ஓர் அமைதி. ஆம்பளைக் குரலே இல்லாத லயத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன். பாலில்லாத கட்டஞ்சாயா போட்டுக் குடித்தேன். வெளுக்கத் தொடங்கியதும் சிலுவை போட்டுக்கொண்டு குரூப்பைத் திறந்தேன். ஒன்றுமில்லை. கீழிருந்து மேல்வரை தள்ளிப் பார்த்தேன். முந்தின நாள் ஒன்றுமில்லை, அதற்கு முந்தின நாளும் ஒன்றுமில்லை. பனி சன்னல் வரைக்கும் வந்து நின்றது. நாய்கள் குரைக்கவில்லை. நாய் குரைக்கவில்லையே என்று நினைத்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது. நல்லதுதானே என்றும் நினைத்தேன்.

நான் அக்காவுக்கு அடிக்கவில்லை.

கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தபோது ஸ்டோரில் இரவு அடுப்புப் பார்க்கிறவர் ஓடி வந்தார். அவர் காலில் செருப்பில்லை. வாசலில் நின்று வாயைத் திறக்கிறார், சத்தம் வரவில்லை. எனக்குத் தெரிந்துவிட்டது. அவர் சொல்வதற்கு முன்னாலேயே நான் ஓடினேன்.

பாலத்துக்கு இந்தப் பக்கம், ஏலச்செடிகள் நசுங்கிக் கிடந்த இடத்தில் கிடந்தாள். பெரியவர் போய்விட்டிருந்தார். பாதையெல்லாம் பச்சை ஏலக்காய் வாசனை, மிதிபட்ட வாசனை. ஒரு பூட்ஸ் காலில் இருந்தது. இடுப்புக்குக் கீழே நான் பார்க்கவில்லை. மடியில் தலையை எடுத்து வைத்தேன். உயிர் இருந்தது. என்னை அடையாளம் தெரிந்தது.

“நீ அடிக்கலையேடி” என்றாள். குற்றம் சொல்லவில்லை. எப்படி இது நடந்தது என்று அவளுக்குப் புரியவில்லை, கேட்கிறாள். “நின்னு பாத்தேன். நீ அடிக்கல. அதான் வந்தேன்.”

குரூப்பில் ஒன்றுமில்லையக்கா, ஒன்றுமே இல்லையக்கா என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். அவள் கேட்டாளா என்று தெரியாது.

தூக்கிப் போக ஜீப் இல்லை. எங்கள் தோட்டத்தில் ஒன்று இல்லை, பக்கத்துத் தோட்டத்திலும் ஒன்று இல்லை. என் வீட்டுக்காரருக்கு அடித்தேன், எடுக்கவில்லை. மகனுக்கு அடித்தேன், எடுக்கவில்லை. தெரிந்த ஒவ்வொரு டிரைவருக்கும் அடித்தேன். எல்லாரும் தியேட்டருக்குள் இருந்தார்கள். படத்தில் கதவு திறந்துகொண்டிருந்திருக்கும், விசில் அடித்துக்கொண்டிருந்திருப்பார்கள். கட்டிலைக் கொண்டுவந்து பெண்களும் கிழவர்களுமாகத் தூக்கி ரோடு வரைக்கும் ஏற்றினோம். சேற்றில் ஒவ்வொரு அடிக்கும் கட்டில் சாய்ந்தது. பால் வண்டி ஒன்று வரும்வரை நின்றோம். எந்த ஆஸ்பத்திரிக்கு, அடிமாலிக்கா தேனிக்கா என்று டிரைவர் கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. தேனி என்றேன். போடிமெட்டு வளைவுகள் முடிவதற்கு முன்னாலேயே அவள் கை என் கைக்குள் கனத்துவிட்டது. டிரைவரிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் நிறுத்திவிடுவாரே என்று பயந்துகொண்டு, அப்படியே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அடக்கத்துக்குத் தோட்டமே வந்தது. பாதிப் பயல்கள் ஹீரோ முகம் போட்ட பனியனை மாற்றக்கூட நேரமில்லாமல் மேலே சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றார்கள். படம் எப்படி என்று யாரும் பேசவில்லை. அண்ணாச்சி மட்டும் வரவில்லை. பம்ப் ஹவுஸை விட்டு வெளியே வர மாட்டேன் என்கிறார், சோறு தின்ன மாட்டேன் என்கிறார் என்றார்கள். ஏழாம் நாள் பூசை முடிந்து நானே போனேன். என்னைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டார்.

“நான் சொன்னேன் தங்கச்சி. வெளுக்கும் முன்னாலயே பாத்துட்டேன், உடனே பேசிப் போட்டேன். ஸ்டோர்க்காவுக்குச் சொல்லிருங்கன்னு கூடச் சொன்னேனே. நீங்க கேக்கலையா?”

குரூப்பில் ஒன்றுமே வரவில்லையே அண்ணாச்சி என்றேன். அவர் போனை எடுத்து நீட்டினார். அவருக்கு இரண்டு குரூப்புக்கும் வித்தியாசம் தெரியாமல் இல்லை. ரசிகர்கள் தியேட்டர் வாசலில் கொட்டுகிற போட்டோ ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்ததாம். வேலையை விட்டுப் போக முடியாத ஏக்கத்தில் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். சன்னல் வழியே பாலத்தடியில் பெரியவரைப் பார்த்ததும் கையில் திறந்திருந்ததிலேயே அழுத்திப் பேசிவிட்டார். பேசினோம், கேட்டுக்கொண்டார்கள் என்று மனசு லேசாகிவிட்டது.

வீட்டுக்கு வந்தேன். மகன் துவண்டு போய்க் கட்டிலில் படுத்திருந்தான். அன்றிலிருந்து அவன் யாரோடும் பேசவில்லை. பெரியம்மாவை நினைத்துத்தான் என்று நானும் சும்மா விட்டிருந்தேன். “அந்த சினிமா குரூப்பைத் தொற” என்றேன். எழுந்து உட்கார்ந்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை. திறந்தான். மேலே தள்ளிக்கொண்டே போனான். செண்டையோடு நிற்கிறார்கள், முகத்தில் சாயம் பூசியிருக்கிறார்கள், என் வீட்டுக்காரர் ஜீப் பானெட் மேல் ஏறி நிற்கிறார். அவற்றுக்கு நடுவில் அண்ணாச்சியின் குரல் இருந்தது. அழுத்தினான்.

“பெரியவர் ஓடைப் பாலத்தடியில நிக்காரு. கோவமா இருக்காரு. யாரும் வராதீங்க. ஸ்டோர்க்காவுக்கு யாராச்சும் சொல்லிருங்க.”

பின்னால் செண்டைச் சத்தம் இல்லை, ஒன்றும் இல்லை. தெளிவான குரல். அதற்குக் கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள். சரி, சரி, சரி என்று ஒவ்வொருவரும் ஒரு கட்டைவிரல் வைத்திருந்தார்கள். தியேட்டர் வாசலில் நின்று கேட்டிருக்கிறார்கள். கேட்காமல் இல்லை. எல்லாரும் கேட்டிருக்கிறார்கள். அந்த விடிகாலையில் எங்கள் தோட்டத்தில் விஷயம் தெரியாத ஆட்கள் இரண்டே பேர்தான், அக்காவும் நானும்.

“யார் யார் இது? பேரைச் சொல்லு” என்றேன்.

சொன்னான். ஜீப் டிரைவர் ஒருவர். கோயிலில் பாட்டுப் பாடுகிற பையன். அக்காவின் சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தவன். போடியிலிருந்து வந்த சித்தி மகன். ஒவ்வொரு பேருக்கும் அவன் குரல் இறங்கிக்கொண்டே வந்தது. கடைசிக்கு முந்தின பேரில் நிறுத்திவிட்டான்.

“அடுத்தது?”

நான் போனைப் பிடுங்கினேன். எனக்கு அந்தச் சின்ன வட்டத்துக்குள் இருக்கிற படம் தெரிந்தது. மூன்று வயதில் பெரியம்மா இடுப்பில் உட்கார்ந்து எடுத்த போட்டோவைத்தான் அவன் அதில் வைத்திருந்தான்.

“நீ கேட்டிருப்பேன்னு நெனச்சேன்மா” என்றான். “நீதானே எப்பவும் பெரியம்மாவுக்கு அடிப்பே. நீ அதுல இல்லங்கிறது எனக்கு அப்பத் தோணவே இல்லம்மா.”

அடித்தேன். தோளுக்கு மேல் வளர்ந்த பிள்ளையைக் கை ஓயும்வரை அடித்தேன். கையைத் தூக்கித் தடுக்கக்கூட இல்லை. பிறகு இரண்டு பேரும் அந்தக் கட்டிலிலேயே உட்கார்ந்து அழுதோம். அவனுக்குச் சோறு போடுகிறேன், சட்டை துவைக்கிறேன், காய்ச்சல் வந்தால் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறேன். அவன் என் பிள்ளை, வேறு என்ன செய்வேன்? ஆனால் பள்ளிக்கூடம் சேர்ந்த வயதில், தொலைந்து போனால் யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று நான் அவனுக்கு முதன்முதலாக மனப்பாடம் பண்ணிக் கொடுத்த நம்பர் அவன் பெரியம்மாவுடையது. இன்றைக்குக் கேட்டாலும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவான்.